கோடைக்காலம்: வெயிலில் போகாதவர்களுக்கும் வெயில் உண்டு!

"வெளிய போகாத, வெயில் மண்டையப் பொளக்குது!"

ஏப்ரல் பிறந்துவிட்டால் தமிழ்நாட்டில் எல்லா வீட்டு வாசலிலும் கேட்கும் குரல் இது. பிள்ளைகளை உள்ளே இழுத்துக் கதவைச் சாத்திவிட்டால் கடமை முடிந்தது என்று நினைக்கிறோம். வெளியே போகிறவருக்குத் தொப்பி, குடை, தண்ணீர் பாட்டில் என எல்லாம் கொடுத்து அனுப்புகிறோம். வீட்டிலேயே இருப்பவரைப் பற்றி யாரும் கவலைப்படுவதில்லை. "அவங்க நிழல்லதானே இருக்காங்க!"

ஆனால், வெப்பம் நிழலையும் தேடி வரும். 2003-ல் ஐரோப்பாவை வெப்ப அலை தாக்கியபோது 70,000-க்கும் மேற்பட்டோர் கூடுதலாக இறந்தார்கள். அவர்களில் மிகப் பெரும்பாலானவர்கள் முதியவர்கள். பிரான்ஸில் பலர் தங்கள் வீட்டு அறையிலேயே, தனியாக இறந்து கிடந்தார்கள். நம் நாட்டில் 2010 மே மாதம் அகமதாபாத்தில் 46.8 டிகிரி செல்சியஸ் வெயில் அடித்தது. வழக்கமான மே மாதங்களைவிட அந்த மாதம் 1,344 பேர் அதிகமாக இறந்ததாக ஆய்வாளர்கள் பின்னர் கணக்கிட்டார்கள். இப்படிப்பட்ட மரணங்களில் பல, 'மாரடைப்பு', 'வயோதிகம்' என்ற பெயரிலேயே பதிவாகிவிடுகின்றன.

அதனால் இந்தக் கோடையில் கேட்க வேண்டிய முதல் கேள்வி, 'யார் வெளியே போகிறார்கள்?' என்பதல்ல. 'யார் வீட்டுக்குள் இருக்கிறார்கள், எந்த அறையில் இருக்கிறார்கள்?' என்பதுதான்.

வீடே அடுப்பாகும் நேரம்

அக்னி நட்சத்திரம் மே 4-ம் தேதியை ஒட்டித் தொடங்கி, மே 28-ம் தேதியை ஒட்டி முடியும். ஆனால், கான்கிரீட் தளத்துக்குப் பஞ்சாங்கம் தெரியாது. பகல் முழுக்க அது வெயிலைக் குடித்துவைத்து, பொழுது சாய்ந்த பிறகு மெள்ள வீட்டுக்குள் இறக்கும். வெளியே காற்று வீசும் இரவு 9 மணிக்கும் மாடி அறை வெந்துகொண்டிருப்பது இதனால்தான். அஸ்பெஸ்டாஸ், தகரக் கூரை வீடுகளில் இந்தச் சூடு நண்பகலிலேயே இறங்கிவிடும்.

பகலில் பட்ட சூட்டிலிருந்து உடல் மீள்வது இரவில்தான். இரவும் சூடாக இருந்தால் அந்த ஓய்வு கிடைக்காது. ஒரு நாள் தாங்கும் உடல், மூன்றாவது நாள் முடியாமல் துவண்டுவிடும்.

இந்திய வானிலை ஆய்வு மையம் வெப்ப அலையை மதிப்பிடும்போது சமவெளிக்கு 40 டிகிரியையும், கடலோரத்துக்கு 37 டிகிரியையும் அடிப்படையாக வைத்திருக்கிறது. அந்த வெப்பம், வழக்கமான அளவைவிடக் குறைந்தது 4.5 டிகிரி அதிகமாகவும் இருக்க வேண்டும். கடலோரத்துக்கு ஏன் குறைந்த அளவு? வியர்வை காற்றில் ஆவியானால்தான் உடல் குளிரும். சென்னை, தூத்துக்குடி போன்ற ஊர்களில் காற்றில் ஈரம் அதிகம். வியர்வை ஆவியாகாமல் வழிந்துகொண்டே இருக்கும். உடலின் சூடு குறையாது. 'வேலூர்ல 41, நமக்கு 37தானே' என்று சென்னைக்காரர்கள் நிம்மதியடைய முடியாது.

வீட்டைக் குளிர்விக்கும் வழிகளும் ஊருக்கு ஊர் மாறும். ஜன்னலில் ஈர வேட்டி கட்டுவது, வெட்டிவேர் தட்டி தொங்கவிடுவது, ஏர் கூலர் வைப்பது ஆகியவை திருச்சி, கரூர், மதுரை, வேலூர் போன்ற வறண்ட ஊர்களில் நன்றாக வேலை செய்யும். கடலோரத்தில் இவை புழுக்கத்தைத்தான் கூட்டும். அங்கே எதிரெதிர் ஜன்னல்களைத் திறந்து காற்றை ஓடவிடுவதுதான் பலன் தரும். எல்லா ஊருக்கும் பொருந்துகிற இரண்டு விஷயங்கள் உண்டு. மேற்குப் பக்க ஜன்னலுக்கு வெயில் நேரத்தில் திரை போடுவது ஒன்று. மொட்டை மாடிக்கு வெள்ளைச் சுண்ணாம்பு அடிப்பது இன்னொன்று. வெள்ளைத் தளம் வெயிலைத் திருப்பி அனுப்பிவிடும் என்பதால், கீழே உள்ள அறையில் சில டிகிரி வரை சூடு குறையும்.

தாத்தா ஏன் தண்ணீர் கேட்பதில்லை?

வயதாக ஆக, தாக உணர்வு மங்கிவிடும். உடலில் நீர் குறைந்திருந்தாலும் மூளை மணி அடிக்காது. வியர்க்கும் திறனும் குறையும். 'தாகமா இருந்தா கேட்பாரு' என்று காத்திருப்பது இதனால்தான் ஆபத்து. தவிர, இரவில் பாத்ரூம் போக எழுந்திருக்க வேண்டுமே, விழுந்துவிடுவோமோ என்ற பயத்தில் பல பெரியவர்கள் மாலையிலிருந்தே தண்ணீரைக் குறைத்துக்கொள்கிறார்கள். அவர்கள் அதை வெளியே சொல்வதும் இல்லை.

"தண்ணி குடிச்சீங்களா தாத்தா?" என்று கேட்டால், "குடிச்சேன்பா" என்றுதான் பதில் வரும். கேட்பதைவிடக் கையில் கொடுப்பது நல்லது. காலையில் ஒரு பாட்டிலை நிரப்பி அவர் பக்கத்தில் வைத்தால், மதியம் அது எவ்வளவு குறைந்திருக்கிறது என்று கண்ணாலேயே பார்த்துவிடலாம். இரவு பாத்ரூம் வழியில் ஒரு சிறு விளக்கு எரிந்தால், அவரே பயமில்லாமல் குடிப்பார்.

அடுத்தது மாத்திரை. ரத்த அழுத்தத்துக்கும் இதயத்துக்கும் தரப்படும் சில மாத்திரைகள் சிறுநீரை அதிகமாக வெளியேற்றும். சில மனநல மருந்துகள் வியர்வையைக் குறைக்கும். கடும் கோடையில் இவற்றின் அளவை டாக்டர் மாற்ற வேண்டியிருக்கலாம். நாமாக நிறுத்துவதோ குறைப்பதோ கூடாது, அடுத்த முறை செக்கப் போகும்போது, "வெயில் காலத்துக்கு இதே டோஸ் போதுமா?" என்று கேட்டால் போதும். இதய பலவீனம், சிறுநீரகப் பிரச்னை உள்ளவர்கள் எவ்வளவு தண்ணீர் குடிக்கலாம் என்பதையும் டாக்டர்தான் சொல்ல வேண்டும். அவர்களுக்கு 'நிறைய குடிங்க' என்ற பொது அறிவுரை பொருந்தாது. பொட்டாசியம் அதிகமுள்ள இளநீரும் சிறுநீரக நோயாளிகளுக்கு ஆகாது.

இன்சுலின் போடுகிறவர் வீட்டில் இருந்தால், திறக்காத மருந்து 2 முதல் 8 டிகிரி வரையிலான குளிரில் இருக்க வேண்டும். ஃப்ரீஸரில் வைக்கக் கூடாது. ஃப்ரிட்ஜ் இல்லாத வீட்டிலும், கரன்ட் போய்விட்ட நாளிலும், மூடிய டப்பாவில் மருந்தைப் போட்டு, ஈரமான மண்பானைக்குள் வைப்பது கைகொடுக்கும்.

ஃபேன் பற்றி ஓர் எச்சரிக்கை. காற்றின் சூடு 40 டிகிரியைத் தாண்டும்போது ஃபேன் உடலைக் குளிர்விக்காது, சூட்டைத்தான் மேலே தள்ளும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். அந்த நேரத்தில் கை, கால், கழுத்து, முகத்தை அடிக்கடி ஈரத் துணியால் துடைத்துவிட வேண்டும். கீழ்த்தளத்தில் இருக்கும் குளிர்ந்த அறைக்கு அவரை மாற்றலாம்.

இங்கே ஒவ்வொரு வீடும் தன்னைக் கேட்டுக்கொள்ள வேண்டிய கேள்வி ஒன்று இருக்கிறது. வீட்டில் இருக்கும் அந்த ஒரே ஏசி யார் அறையில் இருக்கிறது? பெரும்பாலும் வேலைக்குப் போகிறவர்களின் படுக்கையறையில். பெரியவர்களுக்கு ஹால், அல்லது மாடியில் தனியறை. "எனக்கு ஏசி ஒத்துக்காது" என்று பாட்டி சொல்வது உண்மையாகவே இருக்கலாம். கரன்ட் பில்லை நினைத்துச் சொல்வதாகவும் இருக்கலாம். மே மாதத்தின் மோசமான சில நாள்களிலாவது, மதியம் இரண்டு மூன்று மணி நேரம் எல்லோரும் ஒரே அறையில் இருந்தால் பில்லும் ஏறாது, பாட்டியும் தப்பிப்பார்.

அடுப்படியில் இருப்பவருக்கு யார் தண்ணீர் தருவது?

வீட்டிலேயே அதிகச் சூடான இடம் சமையலறை. அங்கே ஃபேன் போட முடியாது. போட்டால் அடுப்பு அணைந்துவிடும். மதியம் சாம்பார், பொரியல், இரவு சுடச்சுடச் சப்பாத்தி என்றால், அம்மா ஒரு நாளில் நான்கு மணி நேரம் அடுப்பு முன் நிற்கிறார். அதுவும் பாலியஸ்டர் நைட்டியில். வியர்வையை உறிஞ்சாத துணி அது. தீப்பிடித்தால் உருகி ஒட்டிக்கொள்ளும். கோடையில் சமையலறைக்குப் பருத்திதான் சரி.

பெரிய சமையலைக் காலை 9 மணிக்குள் முடித்துவிட்டு, இரவுக்குத் தோசை, தயிர் சாதம் என்று சுருக்கிக்கொள்ளலாம். 'இன்னிக்கு என்ன ஸ்பெஷல்?' என்ற கேள்வியை இரண்டு மாதங்களுக்கு ஒத்திவைப்பது, குடும்பம் அம்மாவுக்குச் செய்கிற பெரிய உதவி.

கர்ப்பிணிகளுக்குக் கூடுதல் கவனம் தேவை. தமிழ்நாட்டில் 800 கர்ப்பிணிகளிடம் சென்னை ஸ்ரீ ராமச்சந்திரா நிறுவனத்தின் ஆய்வாளர்கள் நடத்திய ஆய்வு 2024-ல் வெளியானது. கடும் வெப்பத்தில் வேலை செய்தவர்களுக்குக் கருச்சிதைவு, குழந்தை இறந்தே பிறப்பது ஆகிய அபாயங்கள் சுமார் இரு மடங்காக இருந்ததாக அது சொல்கிறது. செங்கல் சூளை, வயல், உப்பளம் போன்ற இடங்களில் உழைப்பவர்கள் அவர்கள். வீட்டு வேலைதானே என்று கர்ப்பிணியை மதிய வெயிலில் மொட்டை மாடிக்குத் துணி காயப்போடவும் வடாம் எடுக்கவும் அனுப்புகிறவர்கள் இதை யோசிக்க வேண்டும்.

பெண்கள் தண்ணீர் குடிக்காததற்கு இன்னொரு காரணம், கழிப்பறை. கடையில், பள்ளியில், பஸ் பயணத்தில் போக இடம் இருக்காது என்பதால் காலையிலேயே தண்ணீரைத் தவிர்க்கிறார்கள். சிறுநீர்த் தொற்றும், சிறுநீரகக் கல்லும் கோடையில் அதிகமாக இது வழிவிடுகிறது. வீடு திரும்பியதும் முதல் வேலையாக அவர்களுக்கு ஒரு சொம்பு மோர் கொடுக்க, வீட்டில் யாராவது ஒருவர் இருக்கலாம்.

'நாக்கு வறண்டுடும், கொஞ்சம் தண்ணி கொடு!'

பச்சிளம் குழந்தை இருக்கும் வீட்டில் கோடையில் தவறாமல் வரும் யோசனை இது. அன்பில் சொல்வதுதான், ஆனால் தவறு. பிறந்ததிலிருந்து 6 மாதம் வரை தாய்ப்பால் மட்டுமே போதும், கோடையிலும் தனியாகத் தண்ணீர் தேவையில்லை. தாய்ப்பாலின் பெரும்பகுதி தண்ணீர்தான். வெளித் தண்ணீர் கொடுத்தால் வயிற்றுப்போக்கு வரலாம்; சின்ன வயிறு தண்ணீரில் நிரம்பி, பால் குடிப்பதும் குறையும். வெயிலில் அடிக்கடி பால் கொடுப்பதும், தாய் அதிகமாகத் தண்ணீர் குடிப்பதும்தான் வழி. குழந்தை வழக்கத்தைவிடக் குறைவாகச் சிறுநீர் கழித்தாலோ, சோர்ந்து பால் குடிக்க மறுத்தாலோ உடனே டாக்டரிடம் காட்ட வேண்டும்.

கம்பளித் தொப்பி, காலுறை, துணிச் சுற்றல் இவற்றுக்கெல்லாம் மே மாதத்தில் விடுமுறை கொடுக்கலாம். வேர்க்குருவுக்குப் பவுடரை அப்பினால் வியர்வைத் துளைகள் அடைபடும். சாதாரணத் தண்ணீரில் குளிப்பாட்டி, மெல்லிய பருத்தி உடுத்தினால் போதும். குளிப்பாட்டுமுன் குழாய்த் தண்ணீரைக் கையில் பிடித்துப் பாருங்கள். மதியத்தில் மாடி டேங்க் தண்ணீர் பிஞ்சுத் தோலைச் சுடும் அளவுக்குக் காய்ந்திருக்கும்.

'ரெண்டே நிமிஷம்' என்று குழந்தையைக் காருக்குள் விட்டுச் செல்வது மட்டும் வேண்டவே வேண்டாம். வெயிலில் நிற்கும் மூடிய காரில் 10 நிமிடங்களில் சுமார் 10 டிகிரி வரை சூடு ஏறும். ஜன்னலைக் கொஞ்சம் இறக்கிவிட்டாலும் பெரிய வித்தியாசம் இருக்காது.

லீவு விட்டாச்சு!

பெரிய பிள்ளைகளை வீட்டுக்குள்ளேயே பூட்டிவைக்க முடியாது, பூட்டவும் வேண்டாம். காலை 10 மணி வரை ஒரு மேட்ச், மாலை 4:30-க்கு மேல் ஒரு மேட்ச் என்று அவர்களோடு ஒப்பந்தம் போட்டுக்கொள்ளலாம். ஆட்டத்தின் நடுவில் 20 நிமிடத்துக்கு ஒரு முறை தண்ணீர். சிறுநீர் வெளிர் மஞ்சளாக இருந்தால் போதுமான தண்ணீர் குடித்திருக்கிறார்கள். அடர் மஞ்சள் என்றால் போதவில்லை. இதைப் பிள்ளைகளே பார்த்துக்கொள்ளப் பழக்கலாம். வைட்டமின் மாத்திரை சாப்பிடுகிறவர்களுக்கு மட்டும் நிறம் அதனாலும் மாறும்.

கோடை விடுமுறையின் இன்னொரு ஆபத்து கிணறும் குளமும். நீச்சல் தெரிந்த பெரியவர் இல்லாமல் பிள்ளைகள் தண்ணீரில் இறங்கக் கூடாது. யாராவது மூழ்கினால் நீச்சல் தெரியாதவர் காப்பாற்றக் குதிக்கக் கூடாது. கயிறு, புடவை, மூடிய காலி பிளாஸ்டிக் கேன், எது கிடைத்தாலும் வீச வேண்டும். ஒருவரைக் காப்பாற்றப் போய் அடுத்தடுத்து மூழ்கும் செய்திகளை ஒவ்வொரு கோடையிலும் படிக்கிறோம்.

வேலைக்குப் போகிற அப்பாவோ அண்ணனோ கட்டடம், டெலிவரி, லாரி என்று வெயிலில் உழைப்பவர் என்றால், புது வேலையின் முதல் சில நாள்கள்தான் மிக ஆபத்து. உடல் வெப்பத்துக்குப் பழக ஒன்று முதல் இரண்டு வாரங்கள் ஆகும். தமிழ்நாடு அரசு 2024 அக்டோபரில் வெப்ப அலையை மாநிலப் பேரிடராக அறிவித்தது. வெப்ப அலையால் இறந்தவரின் குடும்பத்துக்கு 4 லட்சம் ரூபாய் நிவாரணம் உண்டு என்பதைப் பல குடும்பங்கள் இன்னும் அறியவில்லை.

எதைக் குடிப்பது?

சாதாரண நாளில் தண்ணீர், உப்பு போட்ட நீர்மோர், பானகம், நுங்கு, வெள்ளரிப்பிஞ்சு போதும். குளிர்பானங்களில் சர்க்கரைதான் அதிகம். சர்க்கரை நோயாளிகள் பானகத்தையும் சர்பத்தையும் தவிர்த்து மோர் பக்கம் போகலாம்.

வயிற்றுப்போக்கு, வாந்தி, மிகையான வியர்வை என்றால் ஓ.ஆர்.எஸ். 1971-ல் வங்கதேசப் போரின்போது, மேற்கு வங்கத்தின் போங்காவ் அகதி முகாமில் காலரா பரவியது. சலைன் பாட்டில்கள் தீர்ந்துபோன நிலையில், டாக்டர் திலீப் மஹலனாபிஸ் உப்பும் குளுக்கோஸும் கலந்த நீரைக் குடிக்கக் கொடுத்தார். 30 சதவிகிதமாக இருந்த மரண விகிதம் 4 சதவிகிதத்துக்கும் கீழே இறங்கியது. அவரது மறைவுக்குப் பிறகு, 2023-ல் அவருக்கு பத்ம விபூஷண் விருது அறிவிக்கப்பட்டது.

அந்தக் கரைசலின் உயிர் அளவில் இருக்கிறது. பெரிய பாக்கெட் என்றால் 1 லிட்டர், சிறியது என்றால் 200 மி.லி. பாக்கெட்டில் உள்ளதைப் படித்து, முழுப் பாக்கெட்டையும் அந்த அளவுத் தண்ணீரில் கலக்க வேண்டும். 24 மணி நேரத்துக்குப் பிறகு மீதியைக் கொட்டிவிட வேண்டும். பாக்கெட் கிடைக்காவிட்டால், 1 லிட்டர் சுத்தமான தண்ணீரில் தலைதட்டிய 6 டீஸ்பூன் சர்க்கரை, அரை டீஸ்பூன் உப்பு. கடையில் டப்பாவில் விற்கும் இனிப்புப் பானங்கள் ஓ.ஆர்.எஸ் அல்ல. உலக சுகாதார நிறுவனத்தின் அளவுப்படி இல்லாத பானங்கள் 'ஓ.ஆர்.எஸ்' என்று பெயர் போட்டுக்கொள்ளக் கூடாது என்று 2025 அக்டோபரில் உணவுப் பாதுகாப்பு ஆணையமான எஃப்.எஸ்.எஸ்.ஏ.ஐ உத்தரவிட்டது. வயிற்றுப்போக்கில் இருக்கும் குழந்தைக்கு அந்த இனிப்புப் பானம் நிலைமையை மோசமாக்கும்.

'மதியம் வெச்ச சட்னிதானே?'

32 டிகிரிக்கு மேல் சூடு இருக்கும்போது, சமைத்த உணவு வெளியே ஒரு மணி நேரத்துக்கு மேல் இருந்தாலே கிருமிகள் வேகமாகப் பெருகத் தொடங்கும். தேங்காய்ச் சட்னி, முட்டை, மீன், மயோனைஸ் ஆகியவற்றில் துளியும் சலுகை காட்டக் கூடாது. மீதி சாம்பாரைச் சூடு தணிந்ததும் ஃப்ரிட்ஜில் வைத்து, சாப்பிடும்போது நன்றாகக் கொதிக்கவிட வேண்டும். பழைய சோறு நல்லதுதான். இரவில் சுத்தமான தண்ணீர் ஊற்றி, மறுநாள் காலையிலேயே சாப்பிட்டுவிட வேண்டும். மதியம் வரை மிஞ்சினால் அது பழைய சோறு அல்ல, கெட்ட சோறு.

2025 கோடையில் தர்பூசணியில் சாயம் ஊசி போடுகிறார்கள் என்ற பேச்சு பரவி, விற்பனை படுத்து விவசாயிகள் தவித்தார்கள். உண்மையான ஆபத்து வேறு இடத்தில் இருக்கிறது. வெட்டி, ஈ மொய்க்க, ரோட்டோரம் மணிக்கணக்கில் வைத்த துண்டுகளில். முழுப் பழமாக வாங்கி, கழுவி, வீட்டில் வெட்டினால் பயமில்லை.

அம்மை போட்டால் வேப்பிலை வைக்கலாம். டாக்டரிடம் போவதை மட்டும் தள்ளிப்போடக் கூடாது. அந்தக் காய்ச்சலுக்குக் குழந்தைகளுக்கு ஆஸ்பிரின் தரவே கூடாது.

அந்த அரை மணி நேரம்

தலைவலி, தசைப்பிடிப்பு, வாந்தி வரும் உணர்வு, அதிக வியர்வை ஆகியவை வெப்பக் களைப்பின் அறிகுறிகள். நிழலில் படுக்கவைத்து, உடலைத் துடைத்து, தண்ணீரோ ஓ.ஆர்.எஸ்ஸோ கொடுத்தால் பெரும்பாலும் சரியாகிவிடும்.

ஆனால் பேச்சு குழறினால், சொல்வது புரியாமல் விழித்தால், நடை தள்ளாடினால், வலிப்பு வந்தால், மயங்கினால் அது ஹீட் ஸ்ட்ரோக். உடலின் உள்வெப்பம் 40 டிகிரியைத் தாண்டியிருக்கும். 'வியர்க்குதே, அப்போ ஹீட் ஸ்ட்ரோக் இல்லை' என்று நினைக்கக் கூடாது. பெரியவர்களிடம் இது திடீர்க் குழப்பமாகவே தொடங்கும். "ரெண்டு நாளா அப்பா ஒரு மாதிரியா பேசுறாரு" என்பதை வயதின் கணக்கில் எழுதிவிடாதீர்கள்.

செய்ய வேண்டியவை:

முதலில் 108-க்கு போன். ஆம்புலன்ஸ் வரும்வரை காத்திருக்காமல் உடலைக் குளிர்விக்கத் தொடங்க வேண்டும்.

இறுக்கமான உடைகளைத் தளர்த்தி, உடல் முழுவதும் தண்ணீர் ஊற்றி, விசிற வேண்டும். 'ஜன்னி வந்துடும்' என்று பயப்பட வேண்டாம்.

கழுத்து, அக்குள், தொடை இடுக்குகளில் துணியில் சுற்றிய ஐஸ் அல்லது ஃப்ரிட்ஜ் தண்ணீரில் நனைத்த துணி வைக்க வேண்டும்.

நினைவு தெளிவாக இல்லாதவர் வாயில் தண்ணீர் ஊற்றக் கூடாது, மூச்சுக்குழாயில் போய்விடும். ஒருக்களித்துப் படுக்கவைக்க வேண்டும்.

பாராசிட்டமால் தர வேண்டாம். இது காய்ச்சல் அல்ல, அந்த மாத்திரைக்கு இது அடங்காது.

முதல் அரை மணி நேரத்துக்குள் உடல் குளிர்ந்தால் மூளையும் சிறுநீரகமும் தப்பிக்கும். இதை வீட்டில் அம்மாவுக்கு மட்டும் தெரிந்தால் போதாது; பத்து வயதுப் பிள்ளைக்கும் தெரிய வேண்டும். மதியத்தில் தாத்தாவோடு வீட்டில் இருப்பது பெரும்பாலும் அந்தப் பிள்ளைதான்.

தினமும் மூன்று கேள்விகள்

மே முடியும்வரை, மாலையில் ஒரு முறை வீட்டில் இதைக் கேட்டுப் பாருங்கள். இன்று பெரியவர்கள் எவ்வளவு தண்ணீர் குடித்தார்கள்? நேற்று இரவு யாருக்குத் தூக்கம் வரவில்லை? யாருடைய பேச்சிலோ நடையிலோ இன்று மாற்றம் தெரிந்தது?

பக்கத்து வீட்டில் தனியாக இருக்கும் பெரியம்மாவிடமும் கேட்கலாம். வெளியூரில் அப்பா அம்மா தனியாக இருந்தால், இரவு 9 மணிக்கு வழக்கமாகச் செய்யும் போனை மதியம் 3 மணிக்கு மாற்றுங்கள். "சாப்பிட்டீங்களா?" என்பதோடு, "எந்த ரூம்ல இருக்கீங்க, ஃபேன் ஓடுதா, கரன்ட் இருக்கா?" என்பதையும் கேளுங்கள்.